பாயசத்தைத் தாங்காத வயிறு

எந்தக் குடும்பத்திலும் இப்படி ஒரு மாமா இருப்பார். தினமும் மத்தியானம் தயிர்சாதம் சாப்பிடுவார், ஒன்றும் ஆகாது. வெயில் காலத்தில் சொம்பு சொம்பாக மோர் குடிப்பார், ஒன்றும் ஆகாது. தீபாவளியன்று இரண்டு கிண்ணம் பால் பாயசம் உள்ளே போனால் மட்டும், ஒரு மணி நேரத்துக்குள் வயிறு உப்பி, கடமுடவென்று உருண்டு, அவரைக் கொல்லைப்புறத்துக்கு ஓட வைக்கும். வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நெய் ஜாஸ்தியாகிவிட்டது என்பார் ஒருவர். முந்திரி சேரவில்லை என்பார் இன்னொருவர். கண் பட்டுவிட்டது என்று பாட்டி உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுவார். "உங்களுக்குப் பால் ஒத்துக்கலை" என்று யாராவது துணிந்து சொன்னால், மாமா மடக்குவார்: "பால் ஒத்துக்கலைன்னா தயிர் மட்டும் எப்படி ஒத்துக்குது? ரெண்டும் ஒரே பால்தானே?"

மாமாவின் கேள்வி சரியான கேள்வி. மருத்துவ ஆராய்ச்சியாளர்களும் இதே கேள்வியைக் கேட்டுத்தான் பதிலைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் பதில் பிடிபட்டுவிட்டால், பண்டிகை இலையில் எதைக் குறைத்துக்கொள்வது, எதைத் தள்ளிப்போடுவது, எதைக் கூசாமல் இரண்டாம் முறை கேட்டு வாங்குவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஒட்டிப் பிறந்த இரண்டு சர்க்கரை

பாலில் இயற்கையாகவே ஒரு சர்க்கரை இருக்கிறது. காபியில் நாம் போடும் கரும்புச் சர்க்கரை வேறு. இது தாயின் உடல் பாலுக்குள்ளேயே தயாரித்து வைப்பது. பசும்பாலோ எருமைப்பாலோ, 100 மில்லியில் ஏறக்குறைய 5 கிராம் இருக்கும். தாய்ப்பாலில் இன்னும் அதிகம், 7 கிராம் வரை. இனிப்பு குறைந்த சர்க்கரை என்பதால் நாக்கு இதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

குளுக்கோஸ், காலக்டோஸ் என்ற இரண்டு சிறு சர்க்கரைகள் ஒன்றோடொன்று ஒட்டியதுதான் இது. ஒட்டிய நிலையில் குடல் சுவர் இதை உள்ளே விடாது. பிரித்தால்தான் இரத்தத்தில் சேரும். பிரிக்கும் வேலைக்கென்றே சிறுகுடலின் உள்சுவரில் ஒரு நொதி இருக்கிறது. உடலுக்குள் நடக்க வேண்டிய ஒரு வேதிமாற்றத்தை விரைவாக நடத்திக்கொடுக்கும் புரதத்தை நொதி என்கிறோம். மருத்துவர்களின் பேச்சில் அந்தச் சர்க்கரைக்கு லாக்டோஸ் என்றும், அதைப் பிரிக்கும் நொதிக்கு லாக்டேஸ் என்றும் பெயர். ஓரெழுத்து வித்தியாசத்தில் இரண்டும் குழம்பிவிடும். ஆகவே பால்சர்க்கரை, பால்நொதி என்றே இங்கே எழுதுகிறேன்.

பிறந்த குழந்தையின் குடலில் பால்நொதி நிறைய இருக்கும். இருந்தாக வேண்டும், அதற்குப் பாலைத் தவிர வேறு உணவு கிடையாது. பால்குடி மறந்த பிறகு அந்த நொதி கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத் தொடங்குகிறது. நாய்க்கும் பூனைக்கும் மாட்டுக்கும் இதே கதைதான். மனிதர்களிலும் உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இப்படியே நடக்கிறது. வளர்ந்த பிறகும் பால்நொதி குறையாமல் சுரப்பவர்கள்தான் சிறுபான்மை. பெரும்பான்மையோரின் இயல்பை நோய் என்று சொல்வது எனக்கு அவ்வளவு சரியாகப் படவில்லை. ஐரோப்பியர்கள் தங்கள் குடலை அளவுகோலாக வைத்து மருத்துவ நூல் எழுதியதால் வந்த வழக்கம் அது.

குறைவது என்றால் முழுவதும் நின்றுபோவது என்று பொருளல்ல. பெரும்பாலோருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அந்தக் கொஞ்சத்தை நம்பித்தான் இந்த அத்தியாயத்தின் பிற்பகுதிக் கணக்கெல்லாம் நிற்கிறது.

பிரியாத சர்க்கரை என்ன செய்கிறது

மாங்காய்த் துண்டில் உப்பைத் தூவி வையுங்கள். சற்று நேரத்தில் மாங்காய் நீர்விட்டு ஜாடியின் அடியில் தண்ணீர் நிற்கும். கரைபொருள் செறிந்த பக்கத்துக்குத் தண்ணீர் இழுபடுவதுதான் காரணம். குடலிலும் அதேதான். பிரிக்கப்படாமல் தங்கிய பால்சர்க்கரை, குடல் சுவரிலிருந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறது. குடலில் நீர் கூடினால் உள்ளே இருப்பது வேகமாக நகரும். வயிறு கடமுடவென்று உருளும் சத்தம் இங்கே ஆரம்பிக்கிறது.

அடுத்து அது பெருங்குடலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நம்மால் பிரிக்க முடியாத சர்க்கரையை அவை சுலபமாகப் பிரித்துத் தின்று, கழிவாக வாயுக்களை விடுகின்றன: கரியமில வாயு, ஹைட்ரஜன், சிலருக்கு மீத்தேனும். உப்புசமும் வலியும் வாயு பிரிவதும் இவற்றால். பாயசம் சாப்பிட்ட அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இது தொடங்கிவிடும்.

இந்த ஹைட்ரஜனில் ஒரு சௌகரியம் இருக்கிறது. மனித உயிரணு எதுவும் ஹைட்ரஜன் வாயுவைத் தயாரிப்பதில்லை. குடல் நுண்ணுயிர்கள் மட்டுமே தயாரிக்கின்றன. அதில் ஒரு பகுதி இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறும். ஆகவே வெறும் வயிற்றில் 25 அல்லது 50 கிராம் பால்சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, சில மணி நேரம் இடைவெளி விட்டு மூச்சை ஊதச் சொல்லி அளந்தால், சர்க்கரை சிறுகுடலில் செரித்ததா, பெருங்குடல்வரை போனதா என்பது தெரிந்துவிடும். ஊசி கிடையாது, குழாய் கிடையாது. பெரிய மருத்துவமனைகளின் குடல்நோய்ப் பிரிவில் இந்தச் சோதனை உண்டு.

பாலை அறவே விட்டுவிட்டவர்களைத்தான் பண்டிகை அதிகம் படுத்துகிறது. தினமும் கொஞ்சம் பால் சேர்த்துக்கொள்பவரின் பெருங்குடலில், நாளடைவில், பால்சர்க்கரையைக் குறைந்த வாயுவோடு தின்னும் நுண்ணுயிர்களின் பங்கு கூடுகிறது. மூச்சில் வரும் ஹைட்ரஜனும் குறைகிறது. நொதி கூடவில்லை, குடியிருப்பவர்கள் மாறியிருக்கிறார்கள். வருடம் முழுவதும் பாலைத் தொடாமல் இருந்துவிட்டுத் தீபாவளியன்று மட்டும் விரதத்தை முடிப்பவருக்கு இந்தத் துணை இல்லை.

தோடர்களும் ஃபின்லாந்துக்காரர்களும்

சிலருக்கு மட்டும் பால்நொதி ஏன் குறைவதில்லை? 2002இல் ஃபின்லாந்தின் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் இதற்கான மரபணு அடையாளத்தைக் கண்டார்கள். பால்நொதிக்கான மரபணுவுக்குச் சற்றுத் தள்ளி ஓர் இடத்தில், ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு, பால்குடி மறந்த பிறகும் நொதிச் சுரப்பு அணைவதில்லை. 2007இல், கிழக்கு ஆப்பிரிக்காவின் மாடு மேய்க்கும் மக்களிடம் அதே வட்டாரத்தில் வேறு எழுத்துகள் மாறியிருப்பது தெரியவந்தது. பால் குடிக்கும் திறன் மனித குலத்தில் ஒரு முறைக்கு மேல், தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது.

இந்தியாவில்? 2,284 பேரின் மரபணு மாதிரிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு இதற்கு விடை சொன்னது. இங்கே இருப்பதும் ஐரோப்பாவில் உள்ள அதே மாற்றம்தான். ஒரே மூலத்திலிருந்து வந்தது. வடமேற்கில் அது அதிகம். தென்கிழக்கு நோக்கி வர வர குறைகிறது. ஆனால் வரைபடத்தில் பார்த்து முடிவு கட்டிவிட முடியாது. தெற்கே இருந்தாலும், எருமைகளையே வாழ்வின் மையமாக வைத்திருந்த நீலகிரித் தோடர்களிடம் இந்த மாற்றம் நிறையக் காணப்படுகிறது.

மரபணுவுக்கு முன்பே வயிறுகள் இதைச் சொல்லியிருந்தன. 1981இல் வெளியான ஓர் ஆய்வில் டெல்லிக்காரர்களையும், திருவனந்தபுரம், புதுச்சேரி ஆகிய தெற்கு ஊர்க்காரர்களையும் ஒப்பிட்டார்கள். வடக்கே நூற்றுக்கு 27 பேர் அளவுக்குப் பால்சர்க்கரை ஒத்துக்கொள்ளாதவர்கள். தெற்கே மூன்றில் இரண்டு பங்கு. பந்தியில் நம் மாமாவுக்கு இடமும் வலமும் உட்கார்ந்திருப்பவர்களும் பெரும்பாலும் அவரைப் போன்றவர்களே. சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

தயிருக்குள் வரும் துணை

இப்போது மாமாவின் கேள்விக்கு வருவோம். பாலை உறைக்கு ஊற்றும்போது நாம் விடும் கரண்டித் தயிரில் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை பால்சர்க்கரையைத் தின்று புளிப்பாக மாற்றுகின்றன. அப்படியானால் தயிரில் பால்சர்க்கரை தீர்ந்துவிடுகிறதா? இல்லை. கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்ற அளவில்தான் குறைகிறது. 100 கிராம் தயிரில் 4 கிராம் அளவுக்கு இன்னும் இருக்கும். இந்தச் சிறு வித்தியாசம் மட்டும் மாமாவின் வயிற்று அமைதியை விளக்கப் போதாது.

1984இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் மைக்கேல் லெவிட் உள்ளிட்ட ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். (குடல் வாயு பற்றிய ஆராய்ச்சிக்கென்றே பல பத்தாண்டுகளைக் கொடுத்தவர் லெவிட், சிரிக்க வேண்டாம், இந்தத் துறையே அவருக்குக் கடன்பட்டிருக்கிறது.) பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பாலையும் யோகர்ட் எனப்படும் தயிரையும் தனித்தனியே கொடுத்தார்கள். இரண்டிலும் பால்சர்க்கரையின் அளவு ஏறக்குறைய ஒன்றே. தயிர் சாப்பிட்டபோது மூச்சில் வந்த ஹைட்ரஜன், பால் குடித்தபோது வந்ததில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான்.

காரணம், நுண்ணுயிர்களிடமும் பால்சர்க்கரையைப் பிரிக்கும் நொதி இருக்கிறது. உயிரணுவின் உறைக்குள் பத்திரமாக இருப்பதால் இரைப்பையின் அமிலம் அதை அவ்வளவு சுலபமாக அழித்துவிடுவதில்லை. சிறுகுடலுக்கு வந்ததும் பித்தநீர் பட்டு உறை கரைகிறது. நொதி வெளியே வருகிறது. தயிரோடு வந்த பால்சர்க்கரையை அங்கேயே பிரித்துப்போடுகிறது. தன்னைச் செரிக்கத் தேவையான நொதியைத் தயிர் தானே சுமந்து வருகிறது. போதாததற்கு, கெட்டியாக இருப்பதால் இரைப்பையிலிருந்து மெதுவாக இறங்குகிறது.

இதிலிருந்து சமையலறைக்குச் சில செய்திகள் கிடைக்கின்றன. தயிரைக் கொதிக்கவிட்டால் நுண்ணுயிரும் நொதியும் போய்விடும். மோர்க்குழம்பில் இந்தத் துணை கிடையாது. ஒரு கரண்டிக் குழம்பில் இருக்கும் மோர் குறைவு என்பதால் பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை. இன்னொரு செய்தி, கல்யாணப் பந்தித் தயிர்சாதம் பற்றியது. பரிமாறும் வரை புளிக்காமல் இருக்க, சாதத்தைப் பாலில் குழைத்து, பேருக்கு ஒரு கரண்டித் தயிரை விடுவது சமையல்காரர்களின் பழக்கம். வாய்க்கு அது தயிர்சாதம். குடலுக்குக் கிட்டத்தட்ட பால்சாதம். "தயிர்கூட ஒத்துக்க மாட்டேங்குது" என்று கல்யாண வீட்டிலிருந்து திரும்பியவர் சொன்னால், இதை நினைவில் வையுங்கள். வீட்டுத் தயிரில் வாழும் நுண்ணுயிர்க் கூட்டமும் வீட்டுக்கு வீடு மாறும் என்பதால், எல்லாத் தயிரும் ஒரே அளவுக்கு உதவும் என்று சொல்வதற்கில்லை.

உடல் மாறும்வரை மனிதர்கள் காத்திருக்கவில்லை என்பதற்கு ஒரு பழைய சாட்சியமும் உண்டு. போலந்தில் கிடைத்த, ஏறக்குறைய 7,000 ஆண்டுப் பழமையான துளையிட்ட மண்பாண்டத் துண்டுகளில் பால் கொழுப்பின் எச்சம் இருப்பதை 2012இல் கண்டறிந்தார்கள். பாலைத் திரியவைத்து நீரை வடித்த சல்லடைகள் அவை. பால்சர்க்கரையின் பெரும்பகுதி அந்த நீரோடு போய்விடும். அன்றைய ஐரோப்பாவில் வளர்ந்தபின் பாலைச் செரிக்கக்கூடியவர்கள் அரிது.

ஒரு தீபாவளி, ஒரு லிட்டர் பால்

இனிக் கணக்கு. நம் மாமாவின் தீபாவளி நாளை அப்படியே எடுத்துக்கொள்வோம். எண்கள் எல்லாம் வீட்டு அளவில் முழுமைப்படுத்தியவை; உங்கள் வீட்டுக் கரண்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

விடியற்காலை எண்ணெய்க் குளியல், புதுச்சட்டை, லேகியம். லேகியத்தில் சுக்கு, மிளகு, ஓமம், வெல்லம், நெய், பால்சர்க்கரை இல்லை. பிறகு ஒரு டம்ளர் காபி. அதில் 100 மில்லி பால், அதாவது 5 கிராம். பலகாரத்தோடு இரண்டு குலாப் ஜாமூன். கடையில் வாங்கிய ரெடிமிக்ஸில் செய்தது. அதில் மைதாவும் பால் பவுடரும் இருக்கும். பாலிலிருந்து தண்ணீரை மட்டும் எடுத்துவிட்டால் பவுடர். பால்சர்க்கரை எங்கும் போவதில்லை. ஜாமூனுக்கு 2 கிராம் என்று வைத்து 4 கிராம். இதுவரை 9. மாமாவின் வயிறு முணுமுணுக்கவில்லை.

பதினொன்றரைக்கு அடுத்த வீட்டிலிருந்து தட்டு வருகிறது. அதில் பால்கோவா. ஒரு லிட்டர் பாலில் 50 கிராம் பால்சர்க்கரை. அதைச் சுண்டக் காய்ச்சிச் சர்க்கரை சேர்த்துக் கிளறினால் கால் கிலோ பால்கோவா வரும். மாமா எடுத்துக்கொண்டது 50 கிராம், அதாவது ஐந்தில் ஒரு பங்கு. 10 கிராம் பால்சர்க்கரை. ஒரு பெரிய டம்ளர் பாலைக் குடித்ததற்குச் சமம், ஆனால் இரண்டு வாயில் முடிந்துவிட்டது.

பன்னிரண்டரைக்கு இலை. ஐந்து பேருக்கு ஒரு லிட்டர் பாலில் பாயசம். கிண்ணத்துக்கு 10 கிராம். பாயசம் கொதித்ததே, சர்க்கரை உடையாதா என்றால், உடையாது. காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர்தான் போகும், பால்சர்க்கரை செறியும். மாமா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்: 20. கடைசியில் தயிர்சாதத்துக்கு 100 கிராம் தயிர்: 4. மூன்று மணிக்கு இன்னொரு காபி: 5.

கூட்டினால் 48 கிராம். ஏறக்குறைய ஒரு லிட்டர் பால். எந்த மாமாவும் ஒரே நாளில் ஒரு லிட்டர் பால் குடிக்கமாட்டார். பண்டிகையன்று தின்றுவிடுகிறார். அதிலும் 34 கிராம், பதினொன்றரைக்கும் ஒன்றரைக்கும் நடுவில் உள்ளே போயிருக்கிறது.

எவ்வளவு தாங்கும்? ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010இல் அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. பால்சர்க்கரையைச் செரிக்க இயலாதவர்களில் பெரும்பாலோர் ஒரே வேளையில் 12 கிராம்வரை பெரிய தொந்தரவின்றித் தாங்குகிறார்கள். பிற உணவோடு சேர்த்து நாள் முழுவதும் பிரித்துச் சாப்பிட்டால் 20 முதல் 24 கிராம்வரைகூடப் பலருக்குப் பரவாயில்லை. காலை நேர 9 கிராமுக்கு மாமா அசையாததும் மத்தியானம் தடுமாறியதும் இதனால்தான். சிலருக்கு இந்த எல்லை இன்னும் கீழே இருக்கும்; இது சராசரி.

இப்போது அதே தீபாவளியை மாற்றி அடுக்குவோம். காலைக் காபி அப்படியே இருக்கட்டும், 5. ஜாமூனுக்குப் பதில் மைசூர்பாகும் லட்டும், பூஜ்யம். அடுத்த வீட்டுப் பால்கோவாவை வாங்கி வைத்துவிட்டு, மாலை ஐந்து மணிக்குப் பாதித் துண்டு, 5. பாயசம் ஒரு கிண்ணம், 10. அதுவும் வெறும் வயிற்றில் அல்ல, சாம்பாரும் ரசமும் முடிந்த பிறகு. உணவு நிறைந்த இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். பால்சர்க்கரை சிறுகச் சிறுக இறங்கும்போது இருக்கிற கொஞ்ச நொதியே சமாளித்துவிடும். தயிர்சாதம், 4, அது தன் துணையோடு வருகிறது. மூன்று மணிக் காபிக்குப் பதில் சுக்குக் காபி. மொத்தம் 24. பாயசமும் பால்கோவாவும் தயிரும் காபியும் எல்லாம் இருந்தன. ஜாமூனும் இரண்டாவது கிண்ணமும்தான் போயின.

இனிப்புத் தட்டை எடைபோடுவது

முதலில் நெய்யின் மேல் உள்ள பழியை நீக்கிவிட வேண்டும். வெண்ணெயைக் கடைந்தெடுக்கும்போதே பால்சர்க்கரையின் பெரும்பகுதி மோரோடு போய்விடுகிறது. உருக்கினால் மிச்சமும் இல்லாமல் போகிறது. ஆகவே நெய்யில் செய்த மைசூர்பாகு, லட்டு, ஜாங்கிரி, அதிரசம், பாதுஷா எதிலும் பால்சர்க்கரை பேச்சே இல்லை, மாவில் பால் ஊற்றாதவரை. சர்க்கரைப் பொங்கலில் பொங்கி வழிவதற்காக ஊற்றும் பால் பானை முழுவதும் பரவிவிடுவதால் ஒருவர் பங்குக்கு அதிகம் வராது.

கவனம் வேண்டியவை, பாலைச் சுண்டவைத்துச் செய்பவை: பால்கோவா, திரட்டுப்பால், பேடா, பாசந்தி. பாலைத் திரித்துச் செய்யும் ரசகுல்லா இதற்கு நேர்மாறு. நீரோடு பால்சர்க்கரை வடிந்துவிடும். அதே ரசகுல்லாவைச் சுண்டிய பாலில் ஊறவைத்து ரசமலாய் என்று பெயர் சூட்டினால் கணக்கு பழையபடி ஏறும். ஐஸ்கிரீம் பற்றிச் சொல்லவே வேண்டாம். பந்தி முடிந்து வாசலில் கொடுக்கும் அந்தக் கிண்ணம், ஏற்கெனவே நிறைந்த கணக்கின் மேல் ஏறுவது.

பாயசத்திலேயே வழி இருக்கிறது. பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த பருப்புப் பாயசம், கேரளத்து அடைப் பிரதமன் இவற்றில் பெயரில்தான் பால். தேங்காய்ப்பாலில் பால்சர்க்கரை கிடையாது. என் கட்சி எப்போதும் பருப்புப் பாயசம்தான்; வயிற்றுக்காக அல்ல, வெல்லத்துக்காக.

பழி முழுவதும் பாலுக்கா?

1995இல் அதே லெவிட்டின் குழு இன்னொரு சோதனை செய்தது. தங்களுக்குப் பால் சுத்தமாக ஒத்துக்கொள்ளாது என்று உறுதியாக நம்பிய 30 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு வாரம் தினமும் 240 மில்லி சாதாரணப் பால், இன்னொரு வாரம் பால்சர்க்கரையைப் பிரித்துவிட்ட பால். எது எந்த வாரம் என்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு வாரத்துக்கும் தொந்தரவில் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. மூச்சுச் சோதனையில் பார்த்தால், 30 பேரில் 9 பேருக்குப் பால்சர்க்கரை சரியாகவே செரித்தது. அவர்கள் பொய் சொல்லவில்லை. வயிறு உபாதைப்பட்டது உண்மை, காரணம்தான் வேறு.

விருந்து இலையில் வேறு காரணங்களுக்குப் பஞ்சமில்லை. துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, உளுந்து எல்லாவற்றிலும் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகள் இருக்கின்றன. இவற்றைப் பிரிக்கும் நொதி மனிதர் யாருடைய சிறுகுடலிலும் கிடையாது. எல்லாருக்கும் இவை நேரே பெருங்குடலுக்குப் போய் வாயுவாகின்றன. பருப்பை ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் ஓரளவு குறையும். வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றிலும் செரியாத வேறு வகைச் சர்க்கரைத் தொடர்கள் உண்டு. இப்படி வாயு உண்டாக்கும் குறுஞ்சர்க்கரைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஆஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2005இல் ஃபாட்மேப் என்று பெயரிட்டார்கள். குடலுக்கு இவை தனித்தனிக் கணக்கல்ல, ஒரே கணக்கு. சாம்பாரும் வடையும் கூட்டும் பாதி நிரப்பிய இடத்தில் பாயசம் மீதியை நிரப்புகிறது. பண்டிகை இல்லாத ஒரு நாளில், காலையில் ஒரு டம்ளர் பாலை மட்டும் குடித்துப் பார்த்தால் பாலின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

இரண்டு விஷயங்களை இந்தக் கணக்கோடு கலக்கக் கூடாது. ஒன்று, பால் ஒவ்வாமை. அது பாலின் புரதத்தை உடலின் எதிர்ப்புச் சக்தி எதிரியாகக் கருதுவது. தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத்திணறல் வரும். ஒரு துளியும் ஆபத்து. 12 கிராம் கணக்கெல்லாம் அங்கே செல்லாது, நெய்யைக்கூட மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. இன்னொன்று, சீலியாக் நோய். கோதுமைப் புரதத்தால் சிறுகுடல் சுவரே சேதமாவது. இவர்களுக்கும் அளவு என்ற சலுகை இல்லை. பூரி, சப்பாத்தியைத் தவிர்த்தால் போதும் என்று நினைத்துவிடுவார்கள். கடைப் பெருங்காயத்தில் பலவும் கோதுமை மாவு அல்லது மைதா கலந்தே வருகின்றன, பெருங்காயமோ சாம்பார், ரசம், மோர் என எல்லாவற்றிலும் இருக்கிறது. டப்பாவின் பின்புறத்தைப் படித்துவிட்டுத்தான் இவர்களுக்குச் சமைக்க வேண்டும்.

மாத்திரையும் உபசாரமும்

பால்நொதி இன்று மாத்திரையாகவே கிடைக்கிறது. ஒருவகைப் பூஞ்சையிலிருந்து எடுப்பது. இலையில் உட்கார்ந்ததும், அல்லது பாயசத்தின் முதல் வாயோடு போட்டுக்கொள்ள வேண்டும். வயிறு உருளத் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, சர்க்கரை அதற்குள் கீழே இறங்கியிருக்கும். நீண்ட பந்தியென்றால் இடையில் இன்னொன்று தேவைப்படலாம். எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் தருவதில்லை.

பால்சர்க்கரை நீக்கிய பால் என்று கடையில் விற்பது, உண்மையில் நீக்கியதல்ல, நொதி சேர்த்து முன்கூட்டியே பிரித்து வைத்தது. பிரிந்த சர்க்கரைகளுக்கு இனிப்பு அதிகம். ஆகவே அந்தப் பாலில் பாயசம் வைத்தால் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். சுண்டும்போது சீக்கிரம் நிறம் மாறும், அடுப்பைக் குறைத்து வையுங்கள். நொதிச் சொட்டு மருந்தாகக் கிடைத்தால், காய்ச்சி ஆறிய பாலில் விட்டுக் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைக்க வேண்டும். கொதிக்கும் பாலில் விட்டால் நொதி செத்துவிடும்.

இதெல்லாம் சாப்பிடுபவர் பாடு. பரிமாறுபவர் பாடும் ஒன்று இருக்கிறது. "இன்னும் ஒரு கரண்டி, ஒரே ஒரு கரண்டி" என்று இலைக்கு மேல் மறித்த கையை விலக்கிவிட்டு ஊற்றுவதை உபசாரம் என்று நம் ஊரில் நினைக்கிறோம். மறித்த கைக்குக் காரணம் நாகரிகமாக இருக்கலாம்; குடலாகவும் இருக்கலாம். அந்தக் கை மறிக்கும்போது கரண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள். பந்திக்கு இரண்டு பாயசம் வைப்பவர்கள் அதில் ஒன்றைத் தேங்காய்ப்பாலில் வையுங்கள். செலவு ஒன்றும் கூடாது.

பாயசத்தால் வரும் தொந்தரவு அநேகமாக அன்றோடு முடிந்துவிடும். கடும் வயிற்றுப்போக்குக்குப் பிறகு சில வாரங்களுக்குப் பால்நொதி தற்காலிகமாகக் குறையும். அதுவும் தானாகச் சரியாகும். பண்டிகை போய் இரண்டு வாரம் ஆகியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, உடல் எடை குறைகிறது, மலத்தில் இரத்தம் தெரிகிறது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிறது என்றால் அது பால்சர்க்கரையின் வேலையல்ல. பாலை நிறுத்திப் பார்த்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.